பிரேக் லைட் எரியவில்லையா? பல்பு வாங்கப் போகும் முன் பார்க்க வேண்டியவை

ஹெட்லைட் போனால் ரோடு இருட்டாகிவிடும். ஹார்ன் போனால் முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிடும். பிரேக் லைட் போனால் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும், அதுவும் நீங்கள் வேகத்தைக் குறைத்து அவர் குறைக்காத அந்த நொடியில்.

ஒரு மழைக்காலத்தில் என் தம்பி வேலை முடிந்து இரவில் வந்துகொண்டிருந்தபோது ஒரு கார் அவன் பைக்கின் பின் மட்கார்டைத் தொட்டபடி வந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. காரை ஓட்டியவர் இறங்கி வந்து, "தம்பி, நீங்க பிரேக் புடிச்சதே எனக்குத் தெரியல" என்றார். டெயில் லைட் நன்றாக எரிந்துகொண்டிருந்ததால் பிரேக் லைட்டும் சரியாக இருக்கிறது என்றே அவன் நினைத்திருந்தான். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கிற டூவீலர்களில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாகவே எரியும். பெரும்பாலானவற்றில் டெயில் லைட்டும் கூடவே எரியும். அதனால் இந்தத் தவறான நம்பிக்கை இப்போது எல்லோருக்கும் எளிதாக வந்துவிடுகிறது.

அவன் வண்டியைச் சரிசெய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. வரிசையாகப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். வயரிங் என்றாலே பயப்படுகிறவர்களை மனதில் வைத்து டூவீலரை விரிவாகவும் காரைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

கரண்ட் போகிற வழி

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கரண்ட் ஃப்யூஸ் வழியாகச் சாவி சுவிட்சுக்கு வருகிறது. அங்கிருந்து பிரேக் சுவிட்சுக்கு. டூவீலரில் பிரேக் சுவிட்ச் இரண்டு இருக்கும்: ஒன்று முன் பிரேக் லிவரின் அடியில், இன்னொன்று பின் பிரேக் பெடலுக்கு அருகில். ஸ்கூட்டரில் இரண்டுமே ஹேண்டில்பாரில், இடது வலது லிவர்களில் இருக்கும். எதை அழுத்தினாலும் கரண்ட் ஒரே ஒயரில் சேர்ந்து பின்னால் உள்ள பல்புக்குப் போகும். பல்பிலிருந்து எர்த் வழியாக, அதாவது வண்டியின் உலோக உடம்போ அதோடு சேர்ந்த ஒயரோ வழியாக, பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும்.

இந்த இரண்டு சுவிட்சும் தனித்தனியாக வந்து ஒரே ஒயரில் சேர்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையை அது ஒன்றே முடித்துவிடும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். சைலன்சர் ஆறியிருக்கட்டும். சாவியை ஆன் செய்து, யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் வண்டியின் பின்பக்கத்தை ஒரு சுவரை நோக்கித் திருப்பி, கொஞ்சம் இருட்டான நேரத்தில் பாருங்கள். போனில் வீடியோ ஓடவிட்டுப் பின்னால் வைத்தாலும் போதும்.

முதலில் ஹார்ன் அடியுங்கள், இண்டிகேட்டர் போடுங்கள். சாதாரண பைக்குகளில் இவையும் பிரேக் லைட்டும் பெரும்பாலும் ஒரே ஃப்யூஸிலிருந்துதான் கரண்ட் எடுக்கின்றன. மூன்றுமே இல்லையென்றால் பிரேக் லைட்டை விட்டுவிட்டு ஃப்யூஸையும் பேட்டரியையும் பாருங்கள். ஹார்னும் இண்டிகேட்டரும் சரியாக இருந்தால் பேட்டரியும் பொது ஃப்யூஸும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று மேலே போகலாம்.

அடுத்து முன் லிவரை மட்டும் பிடியுங்கள். விட்டுவிட்டுப் பின் பெடலை மட்டும் அழுத்துங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்கிற தவறு.

ஏதாவது ஒன்றுக்கு எரிந்து மற்றதற்கு எரியவில்லை என்றால் உங்களுக்கு நல்ல நாள். பல்பு சரி, எர்த் சரி, பின்னால் போகிற ஒயரும் சரி. எரியாத பக்கத்தின் சுவிட்சும் அதற்கு வருகிற இரண்டு ஒயரும் மட்டும்தான் மிச்சம். இந்த நிலையில் பல்பு மாற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசு வீண்.

இரண்டுக்குமே எரியவில்லை என்றால் இரண்டு சுவிட்சும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. பல்பு, ஹோல்டர், எர்த் என்று பின்னாலிருந்து ஆரம்பியுங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரு சுவிட்ச் போய் ஆறு மாதம் கழித்து இன்னொன்று போனால், நமக்கு இரண்டும் ஒரே நாளில் போன மாதிரிதான் தெரியும்.

பல்பு

டெயில் லைட்டின் சிவப்பு மூடியை இரண்டு ஸ்க்ரூ கழற்றி எடுங்கள். சில வண்டிகளில் சீட்டுக்கு அடியிலிருந்து ஹோல்டரைத் திருகி எடுக்க வேண்டும். பல்பை உள்ளே அழுத்தி, இடது பக்கம் லேசாகத் திருப்பினால் வெளியே வரும்.

ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். அடியில் 12V 21/5W என்று பொறித்திருந்தால் 5 வாட் இழை டெயிலுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. சில பழைய வண்டிகளில் 10/5W இருக்கும். டெயில் எரிகிறது என்பதால் பிரேக் இழையும் உயிரோடு இருக்கிறது என்று பொருளில்லை. இரண்டும் வேறு வேறு கம்பிகள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அறுந்த இழை தெரியும். கண்ணாடியின் உட்புறம் கறுத்திருந்தாலும், வெள்ளையாகப் பொடி படிந்திருந்தாலும் அந்தப் பல்பின் காலம் முடிந்தது.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். இழை ஒட்டியிருப்பது போலத் தெரிந்து, குலுங்கும்போது விலகுகிற பல்புகள் உண்டு. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (வழி அறுபடாமல் இருந்தால் சத்தம் போடுகிற நிலை) வைத்து, ஒரு முனையைப் பல்பின் பித்தளை உடம்பிலும் மற்றதை அடியில் உள்ள ஈயப் பொட்டு ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் சத்தம் வர வேண்டும். மீட்டர் இல்லையென்றால் இரண்டு துண்டு ஒயரை வைத்துப் பேட்டரியில் நேராகத் தொட்டுப் பார்க்கலாம்: உடம்பு மைனஸுக்கு, பொட்டு பிளஸ்ஸுக்கு. இரண்டு ஒயரின் முனைகளும் ஒன்றோடொன்று பட்டுவிடாமல் பிடியுங்கள்.

புதுப் பல்பு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். இரட்டை இழைப் பல்பின் பக்கவாட்டில் உள்ள இரண்டு குமிழும் ஒரே உயரத்தில் இருக்காது; ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கீழே. பல்பைத் தலைகீழாகப் போட்டு டெயிலும் பிரேக்கும் இடம் மாறிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. போகவில்லை என்று பலம் போட்டுத் திருகினால் ஹோல்டர் உடையும். பாதி சுற்றித் திருப்பிப் போடுங்கள், தானாக உட்காரும். வாட் அதிகமுள்ள பல்பைப் போட்டால் வெளிச்சம் கூடும் என்று கடையில் சொன்னாலும் கேட்காதீர்கள். சூட்டில் சிவப்பு மூடி இளகிவிடும்.

ஹோல்டர்

பல்பு நல்லதாக இருந்தால் ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் இரண்டு ஸ்பிரிங் முனைகள் தெரியும். பச்சையாகப் பூத்திருந்தால் அது செம்பில் ஏறிய களிம்பு. பழுப்பாக இருந்தால் துரு. கடற்கரைப் பக்கம் ஓடுகிற வண்டிகளிலும், பிரஷர் வாட்டரில் அடிக்கடி கழுவுகிற வண்டிகளிலும் இது சீக்கிரம் வரும். சாவியை ஆஃப் செய்துவிட்டு மெல்லிய உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேயுங்கள். ஸ்பிரிங்கை விரலால் அழுத்தினால் துள்ளி மேலே வர வேண்டும். வராவிட்டால் பல்பின் பொட்டைத் தொடாது. பல்பின் ஈயப் பொட்டும் நாளாக நாளாகத் தேய்ந்து தட்டையாகும். அதில் ஒரு துளி ஈயம் வைத்தால் பழைய பல்பே மறுபடி எரியும்.

எர்த்: தம்பியின் வண்டியில் நடந்தது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாருங்கள். எல்லோரும் கடைசியாகப் பார்க்கிற இடம் இது. நான் பார்த்த வண்டிகளில் பாதிக்குப் பாதி கோளாறு இங்கேதான் இருந்தது.

தம்பியின் பைக்குக்கு ஏற்கெனவே இரண்டு பல்பும் ஒரு பின் சுவிட்சும் மாற்றியாகிவிட்டது. முழு வயரிங்கையும் மாற்றினால்தான் சரியாகும் என்று ஒரு பட்டறையில் சொல்லியிருந்தார்கள். நான் முதலில் ஒயரைத் தொடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, டெயில் எரியும்போது பெடலை அழுத்தச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். பிரேக் பிடித்ததும் வெளிச்சம் கூடுவதற்குப் பதில் குறைந்தது. சிவப்பு மங்கிப் போய், பெடலை விட்டதும் பழையபடி வந்தது. பிறகு இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து பெடலை அழுத்தினோம். ஸ்பீடோமீட்டருக்குள் இருக்கிற சின்ன பல்பு மினுக்கென்று எரிந்தது.

பின்னால் பிரேக் பிடித்தால் முன்னால் மீட்டர் ஏன் எரிய வேண்டும்? கரண்டுக்குத் திரும்பிப் போக வழி கிடைக்கவில்லை. இரண்டு இழைகளுக்கும் எர்த் ஒன்றுதான், பல்பின் உடம்பு. அந்த எர்த் அடைபட்டிருந்தால் பிரேக் இழை வழியாக வந்த கரண்ட் டெயில் இழைக்குள் புகுந்து, டெயில் ஒயர் வழியாகவே பின்வாங்கி, மீட்டர் பல்பைத் தாண்டி எர்த்தைத் தேடிக்கொள்கிறது. சிலவற்றில் இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து துடிக்கும். அதற்கும் காரணம் இதுதான். லைட்டுகள் இப்படிச் சம்பந்தமில்லாமல் ஒன்றோடொன்று ஆடினால் நேராக எர்த்துக்குப் போங்கள்.

சோதிப்பது எளிது. ஒரு நீளமான ஒயரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் பிடித்து, மறுமுனையை ஹோல்டரின் உலோக உடம்பில் தொட்டுக்கொண்டு பிரேக் பிடியுங்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த்தான் குற்றவாளி. தம்பியின் வண்டியில் அப்படித்தான் எரிந்தது. மூன்று மாதம் முன்பு பின் மட்கார்டுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். டெயில் லைட் போல்ட் உட்காருகிற இடத்திலும் பெயின்ட் ஏறியிருந்தது. அந்த வண்டியில் போல்ட் வழியாகத்தான் எர்த் வரவேண்டும். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அந்த இடத்தைச் சுரண்டி, வெள்ளி நிறம் தெரிந்ததும் வாசலைன் கொஞ்சம் தடவி போல்ட்டை இறுக்கினேன். அவ்வளவுதான்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். பல்பு உள்ளே இருக்கும்போதே, பிரேக் பிடித்தபடி, சிவப்பு முனையை ஹோல்டர் உடம்பிலும் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ துருவோ தளர்ந்த இணைப்போ இருக்கிறது.

மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது, ஆனால் எரியவில்லை

இது புதியவர்களை நிறையவே அலைக்கழிக்கும். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் 12 வோல்ட் சுத்தமாக வரும். பல்பைப் போட்டால் எரியாது. மல்டிமீட்டர் மிகமிகக் குறைவான கரண்டைத்தான் இழுக்கும். ஒயருக்குள் எல்லா நூலும் அறுந்து ஒரே ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்குப் போதும். 21 வாட் பல்புக்கு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் வேண்டும். அதை அந்த ஒற்றை நூலால் சுமக்க முடியாது.

அதனால் டூவீலர் வேலைக்கு மீட்டரைவிட ஒரு டெஸ்ட் லேம்ப்பைத்தான் நான் முதலில் சொல்வேன். பழைய இண்டிகேட்டர் பல்பு, ஹோல்டர், இரண்டு ஒயர், ஒரு கிளிப் போதும். கிளிப்பைப் பேட்டரி மைனஸில் மாட்டி, மறுமுனையால் சந்தேகப்படுகிற இடத்தைத் தொடுங்கள். நல்ல வெளிச்சம் வந்தால் அதுவரை கரண்ட் பலத்தோடு வருகிறது. மங்கலாக வந்தால் அதற்கு முன்னாலேயே கோளாறு. ஆனால் இதைப் பல்பு உள்ள வண்டியின் லைட் சர்க்யூட்டில் மட்டும் செய்யுங்கள். ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்), ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) ஒயர்களில் தொடாதீர்கள்.

ஒயர் அறுகிற இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். ஹேண்டில் திரும்பும்போது மடிகிற இடம், சீட் அழுத்துகிற இடம், மட்கார்டின் ஓரம் உரசுகிற இடம், பின்னால் உள்ள கப்ளர் (ஒயர்களை இணைக்கிற பிளாஸ்டிக் பிளக்). வெளியில் உறை நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒயரை அங்கங்கே வளைத்துப் பாருங்கள். மினுக்கினால் அந்த இடத்தில் பிரித்துப் பாருங்கள். நிறுத்தியே வைத்திருந்த வண்டி என்றால் எலியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்ச்

பின் பெடல் சுவிட்ச் ஒரு சின்ன குழாய் மாதிரி இருக்கும், கீழே ஒரு ஸ்பிரிங் பெடலோடு மாட்டியிருக்கும். பெடலை விட்டுவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் இழுங்கள். எரிந்தால் சுவிட்ச் கெடவில்லை, அட்ஜஸ்ட்மென்ட்தான் தவறியிருக்கிறது. பின் பிரேக்கை டைட் வைத்த பிறகு பெடலின் ஓட்டம் மாறிவிடும். சுவிட்சை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. சுவிட்சின் உடம்பைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு அதன் நட்டை மட்டும் திருப்புங்கள். உடம்பைச் சுற்றினால் ஒயர் முறுக்கிக்கொண்டு அறும். சுவிட்ச் மேலே ஏற ஏற லைட் சீக்கிரம் எரியும். பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்குச் சற்று முன்பே லைட் வந்துவிட வேண்டும், காலை எடுத்ததும் அணைய வேண்டும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஸ்பிரிங் கழன்று தொலைந்திருந்தால் அதை மட்டும் வாங்கிப் போடலாம்.

முன் லிவரின் சுவிட்சில் குச்சி போன்ற ஒரு சின்ன பொத்தான் இருக்கும். நகத்தால் அழுத்தி விட்டால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். தூசியில் மாட்டிக்கொண்டிருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துமுறை அழுத்தினால் பல நேரம் சரியாகும். கீழே விழுந்து லிவர் மாற்றிய வண்டியில் சுவிட்சைக் குறை சொல்லும் முன், புது லிவர் அந்தப் பொத்தானைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

சுவிட்சின் மேலேயே சந்தேகம் என்றால் அதற்கு வருகிற இரண்டு ஒயரையும் கழற்றி, சாவியை ஆன் செய்து, இரண்டையும் ஒன்றோடொன்று தொடுங்கள். சுவிட்ச் செய்கிற வேலை அவ்வளவுதான், பயப்பட வேண்டாம். லைட் எரிந்தால் சுவிட்சை மாற்றுங்கள். எரியாவிட்டால் சுவிட்ச் நிரபராதி. ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பொதுவாகக் கறுப்பு ஒயர் சாவியிலிருந்து வருவது, பச்சையில் மஞ்சள் கோடு போட்டது பல்புக்குப் போவது, முழுப்பச்சை எர்த். முழுப்பச்சையைக் கறுப்போடு தொட்டுவிட்டால் ஃப்யூஸ் போகும், அதனால் நிறத்தை இரண்டு முறை பாருங்கள்.

ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்தால்

ஒரு முறை போனால் அதே ஆம்பியரில் மாற்றிப் பாருங்கள். திரும்பவும் போனால் எங்கோ ஒயர் பாடியில் உரசுகிறது. எப்போது போகிறது என்பதே இடத்தைச் சொல்லும். சாவி போட்டவுடன் போனால் பிரேக் சுவிட்சுக்கு முன்னால். பிரேக் பிடித்ததும் போனால் சுவிட்சுக்கும் பல்புக்கும் நடுவில். ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பியையோ சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளையோ வைக்கவே கூடாது. அடுத்து எரிவது வயரிங்தான், அது பெட்ரோல் டேங்குக்கு அடியில்தான் ஓடுகிறது.

ஒவ்வொரு முறையும் ஃப்யூஸைப் பலி கொடுக்காமல் தேட ஒரு வழி: பிரேக் பல்பைக் கழற்றிவிட்டு, ஃப்யூஸ் இருந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் 21 வாட் பல்பு ஒன்றை ஒயரால் மாட்டுங்கள். பிரேக் பிடிக்கும்போது அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. பிரேக்கை அப்படியே பிடித்துக்கொண்டு ஒயர்களை ஒவ்வொன்றாக அசையுங்கள். எங்கே தொடும்போது அது அணைகிறதோ அங்கேதான் உரசல்.

எல்.ஈ.டி. டெயில் உள்ள வண்டி

புது வண்டிகளில் பல்பே இருக்காது, முழு யூனிட்டும் மூடியிருக்கும். கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரில் பிரேக் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்து பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது 12 வோல்ட் வந்து, கப்ளரில் துரு இல்லாமல் இருந்தும் எரியவில்லை என்றால் யூனிட்டை மாற்ற வேண்டியதுதான். வாரன்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறங்கள்.

காரில்

காரில் ஒரே சுவிட்ச், பிரேக் பெடலுக்கு மேலே. லைட் பெரும்பாலும் மூன்று: இடது, வலது, பின் கண்ணாடியில் உயரமாக ஒன்று. ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பல்பு, ஹோல்டர், எர்த். மூன்றும் எரியவில்லை என்றால் ஃப்யூஸ் அல்லது சுவிட்ச். ஆட்டோமேட்டிக் கியர் காரில் பிரேக் அழுத்தியும் லிவர் பார்க்கிங்கிலிருந்து நகர மறுத்தாலும், பட்டன் ஸ்டார்ட் வண்டி "பிரேக்கை அழுத்து" என்றே சொல்லிக்கொண்டிருந்தாலும் அதே சுவிட்சைச் சந்தேகப்படலாம். சுவிட்சில் இரண்டு ஒயர் மட்டும் இருந்தால் மேலே சொன்ன மாதிரி இணைத்துப் பார்க்கலாம். நான்கு இருந்தால் இணைக்க வேண்டாம். அவற்றில் சில கம்ப்யூட்டருக்குப் போகிறவை. மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக்குக்குரியவை, அவற்றின் பக்கமே கை போக வேண்டாம்.

பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் பெடலை அழுத்தினால் பிரேக் லைட் எரியும். அதனால் அணையாமல் நின்றுவிடுகிற கோளாறு இங்கே பெரிய தொல்லை. சுவிட்சின் பொத்தானை அழுத்தி வைத்திருப்பது பெடல் தண்டில் உள்ள ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு. அது நாளடைவில் நொறுங்கி விழும். பொத்தான் அந்த ஓட்டைக்குள் போய்விடும், நீங்கள் காலை எடுத்த பிறகும் லைட் எரிந்துகொண்டே இருக்கும். இரண்டு 21 வாட் பல்பு மட்டுமே 3.5 ஆம்பியர் இழுக்கும், 35 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி விடியும்போது காலியாக இருக்கும். காலுக்குக் கீழே தரை விரிப்பில் பிளாஸ்டிக் துகள்கள் கிடந்தால் அது இந்தத் துண்டாக இருக்கலாம். விலை மிகக் குறைவு, மாட்டுவது ஐந்து நிமிடம்.

வேலை முடிந்ததும் முன் லிவர் தனியாக, பின் பெடல் தனியாக, டெயில் எரியும்போது ஒருமுறை, அணைந்திருக்கும்போது ஒருமுறை என்று பாருங்கள். ஹேண்டிலை இரண்டு ஓரத்துக்கும் திருப்பிப் பிடித்தும் பாருங்கள். பிறகு மூடியை மாட்டும்போது அதன் ரப்பர் வளையம் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவிவிட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஹோல்டருக்குள் போகிறது.